மார்கழிக் குளிர்ல கோழியை அடை வைக்கிறீங்களா? மேல பல்பு வேண்டாம், முதல்ல அடியைப் பாருங்க!

[காட்சி: பின்கட்டு மூலையில் கூடை, அதில் அடைக்கோழி, தலைக்கு மேலே எரியும் பல்பு]

10 முட்டை வச்சாச்சு. கோழியும் எழுந்திரிக்காம படுத்துச்சு. குளிருதேன்னு மேல ஒரு பல்பும் கட்டியாச்சு. 21 நாள் கழிச்சு எட்டிப் பார்த்தா 3 குஞ்சு, மிச்சம் 7ம் கூமுட்டை! சேவல் சரியில்லைன்னு சேவலைக் குழம்பு வச்சிடாதீங்க மக்களே. அந்த முட்டைகள்ல பாதிக்கு மேல கரு கூடியிருக்கும், நடுவுல குளிர்ந்து செத்திருக்கும். அந்தக் குளிர் மேல இருந்து வரலை, கீழே இருந்து வந்துச்சு.

வணக்கம். அடை வைக்கிற அடிப்படை எல்லாருக்கும் தெரியும், ஓடிப்போய் முடிச்சிடுறேன். முட்டை இட்டு 7 நாளுக்குள்ள இருக்கணும், ஃப்ரிட்ஜ்ல வச்சது வேண்டாம், கழுவக்கூடாது, விரிசல் கூடாது, எல்லா முட்டையும் ஒரே நாள்ல வைக்கணும். பொழுது சாஞ்சப்புறம் வைங்க, கோழி அடங்கிப் படுக்கும். திங்கட்கிழமை ராத்திரி வச்சா மூணு வாரம் கழிச்சு வர்ற திங்கட்கிழமை குஞ்சு. குளிர் தாக்கியிருந்தா ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப் போகும். அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரை, அதில் வெறுங்கால்]

ஆத்தங்குடிக் கல்லுல வெறுங்காலோட நில்லுங்க. சித்திரை வெயில்லயும் ஜில்லுனு இருக்கும். ஏன்? அந்தக் கல்லுக்குள்ள குளிர் ஒளிஞ்சிருக்கிறதால இல்ல. உங்க கால்ல இருக்கிற சூட்டை அது வேகமா உறிஞ்சுது, அதான் ஜில்லுனு தெரியுது. பக்கத்துலயே ஒரு சாக்கை விரிச்சு அது மேல நில்லுங்க. அதே அறை, அதே நேரம், ஆனா கால் கதகதப்பா இருக்கும். சாக்கு சூட்டை விட்டுக்கொடுக்காது.

இப்ப கால் இருக்கிற இடத்துல முட்டையை வச்சுப் பாருங்க. கோழியோட உடம்புச் சூடு கிட்டத்தட்ட 41 டிகிரி. கருவுக்கு வேண்டியது 37.5. அடை படுக்கிற கோழிக்கு அடிவயித்து இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் கூடின வெறும் தோல் முட்டை மேல நேரா ஒட்டும். இதை விட நல்ல அடுப்பு கிடையாது! ஆக முட்டையோட மேல்பக்கத்துக்கு மார்கழியிலயும் குறையில்லை. கீழ்ப்பக்கம்தான் தவிக்குது. காரைக்குடிப் பக்கம் விடியக்காலை 20, 22 டிகிரிக்கு இறங்குற நாள்ல, கல்தரையிலயோ சிமெண்டுலயோ வச்ச கூடை ராத்திரி முழுக்கச் சூட்டைத் தரைக்குத் தாரை வார்க்குது.

வெயில் காலத்துல ஈரமணல் பரப்பி அது மேல முட்டை வைப்பாங்க நம்ம ஆச்சிமார். சித்திரை, வைகாசிக்கு அது அருமையான யோசனை, ஒரு குறையும் சொல்ல முடியாது. அதையே மார்கழியில செஞ்சாதான் கெடுதல். ஈரமணல் சூட்டை உறிஞ்சுறதுல கல்தரைக்கு அண்ணன்!

குளிருக்கு அடுக்கு இப்படி. கீழே 2 செங்கல், அது மேல ஒரு பலகை. பலகை மேல நாலா மடிச்ச காஞ்ச சாக்கு. அது மேல மூங்கில் கூடையோ வாயகன்ற மண்சட்டியோ. வாய் ஒண்ணேகால் அடி, ஆழம் அரை அடி போதும். உள்ளே ரெண்டு அங்குலத்துக்கு உமி, கொஞ்சம் சலிச்ச அடுப்புச் சாம்பலும் கலந்துக்கோங்க, பேன் அண்டாது. அதுக்கு மேல மூணு, நாலு அங்குலம் வைக்கோல். வைக்கோலைக் கையால சுருட்டி, முஷ்டியால நடுவுல அழுத்தி, சாப்பாட்டுத் தட்டு மாதிரி லேசாக் குழி வரணும். குழி ஆழமானா முட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், உடையும். குழியே இல்லைன்னா ஓரத்துக்கு உருண்டுபோயிடும். தகரக் கூடையும் அலுமினியச் சட்டியும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் டப்பா சூட்டைக் காப்பாத்தும், ஆனா ஈரத்தை வெளியே விடாது. வைக்கோல் பூஞ்சை பிடிச்சா பிறக்கிற குஞ்சுக்கு மூச்சுத்திணறல்.

இடம், பின்கட்டுல காத்து நேரா அடிக்காத இருட்டு மூலை. வளவுல, அதாவது நடுமுற்றத்துல, வானம் பார்த்த பக்கம் கூடாது, சாரலும் பனியும் இறங்கும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. சிறுவிடைக் கோழிக்கு, அதாவது உருவத்துல சின்ன நாட்டுக்கோழிக்கு, வெயில் காலத்துல 12 முட்டை வைப்பீங்க. குளிர்ல 8, மிஞ்சினா 9. "நாலு முட்டை கூட வச்சா நாலுதானே போகும், எட்டு தப்பிக்குமே"னு தோணும். அப்படி நடக்காது. கோழி ஒரு நாளைக்குப் பல தடவை அலகால முட்டைகளைப் புரட்டி, ஓரத்துல இருக்கிறதை நடுவுக்கும் நடுவுல இருக்கிறதை ஓரத்துக்கும் மாத்திக்கிட்டே இருக்கும். ஓரத்துல வெளியே தெரியிற முட்டை இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு வேற ஒண்ணு. குளிர் வரிசையா எல்லாருக்கும் பந்தி பரிமாறும்! அதனால 12 வச்சு 4தான் கிடைக்கலாம், 8 வச்சு 7 கூடக் கிடைக்கலாம். ராத்திரி டார்ச் அடிச்சுக் கோழியைச் சுத்திப் பாருங்க. ஒரு முட்டையோட ஓரம் தெரிஞ்சாலும் அது அதிகம், எடுத்துடுங்க. உங்க வீட்டுல எத்தனை வச்சு எத்தனை பொரிஞ்சுதுன்னு, எந்த மாசம்னும் சேர்த்துக் கமெண்ட்ல போடுங்க. இந்தக் கணக்கை நானும் பார்க்கணும்.

சரி, பல்பு ஏன் வேண்டாம்? மேல சூடு கூடினா கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறகைத் தூக்கிக்கிட்டு மேலோட்டமா உட்காரும், கடைசியில இறங்கியே போயிடும். அடியில குளிர் அப்படியேதான் இருக்கும். வைக்கோல் பக்கத்துல குண்டு பல்பு தொங்குறது நெருப்புக்கு வழி. இப்ப வீட்டுல இருக்கிற எல்.இ.டி பல்பா? அதுல சொல்லிக்கிற மாதிரி சூடே வராது, கோழிக்குத் தூக்கம்தான் கெடும்.

தண்ணி தெளிக்கிற பழக்கத்தையும் ஐப்பசியில இருந்து தை வரைக்கும் நிறுத்துங்க. முட்டை 21 நாள்ல தன் எடையில நூத்துக்கு 12 பங்கு போல ஈரத்தை இழக்கணும். 40 கிராம் முட்டைன்னா 5 கிராம். அந்த இடத்துலதான் காத்தறை பெருசாகும், குஞ்சு ஓட்டை உடைக்கிறதுக்கு முன்னாடி முதல் மூச்சு விடுறது அங்கதான். மழைக்காலக் காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைய. அதுக்கு மேல தெளிச்சா காத்தறை சின்னதாவே நின்னு, முழுசா வளர்ந்த குஞ்சு உள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். உடைச்சுப் பார்க்கிறப்ப மனசு ஆறாது.

இடிக்குப் பயந்து கூடையில இரும்புத் துண்டு, கரி, காஞ்ச மிளகாய் போடுவாங்க. இரும்பு இடியைத் தடுக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இடி மின்னலுக்கு மிரண்டு கோழி எழுந்து ஓடினா முட்டை குளிரும், அது நிஜம். அதனால மழை ராத்திரியில கூடை மேல பஞ்சாரத்தை, அதான் கோழியைக் கவிழ்க்கிற பெரிய மூங்கில் கூடையை, கவிழ்த்து, பாதிக்குச் சாக்கு போட்டு வைங்க.

தீனி. தினமும் ஒரு தடவை, 15, 20 நிமிஷம் கோழி இறங்கும். குளிர்ல அதை வெயில் ஏறின அப்புறம், 11 மணி வாக்குல வச்சுக்கோங்க. கம்பு, சோளம், நெல்லுனு முழுத்தானியம், பக்கத்துல தண்ணி, ஒரு ஓரத்துல சாம்பல் குளியலுக்கு இடம். எல்லாம் கூடையில இருந்து ஆறடிக்குள்ள. இறங்கவே மாட்டேங்குற கோழியைத் தூக்குறப்ப முதல்ல ரெண்டு இறக்கைக்குள்ளயும் விரலை விட்டுப் பாருங்க, முட்டை செருகிக்கிட்டிருக்கும். முதல் வாரத்துல ஒரு மணி நேரம் காணாமப் போனாலும் முட்டையைத் தூக்கிப் போடாதீங்க. சின்னக் கரு குளிரைக் கொஞ்சம் தாங்கும். திரும்பப் படுக்க விட்டு, மூணு நாள் கழிச்சு வெளிச்சம் பிடிச்சுப் பாருங்க.

[காட்சி: இருட்டறை, அட்டைக் குழாய் மாட்டிய மொபைல் டார்ச், மேலே முட்டை]

7ஆம் நாள் பார்க்கணும். சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினா கரு உண்டு. வெறும் மஞ்சள் வெளிச்சம்னா கரு கூடாத முட்டை. நரம்பு இல்லாம சிவப்பு வளையம் மட்டும்னா கரு செத்துப்போச்சு. ரெண்டையும் எடுத்துடுங்க, மிச்ச முட்டைக்குச் சூடு தாராளமாக் கிடைக்கும். எடுத்த இடத்துல புது முட்டை வைக்காதீங்க. முதல் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு தாய் இறங்கிட்டா அந்த முட்டை அநாதை.

18ஆம் நாளுக்கு மேல கை வைக்கவே கூடாது. 20ஆம் நாள் காதை வச்சுக் கேளுங்க, ஓட்டுக்குள்ள இருந்து குஞ்சு கத்தும், தாய் "க்ளக், க்ளக்"னு பதில் சொல்லும். பிறக்கிறதுக்கு முன்னாடியே அம்மாவும் பிள்ளையும் பேசிக்குது! இதை ஒரு தடவை கேட்டவங்களுக்கு ஓட்டை உரிச்சு உதவி செய்யணும்னு தோணாது, தோணவும் கூடாது. முதல் கொத்துல இருந்து வெளியே வர 12ல இருந்து 24 மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு உரிச்சா ரத்தக்குழாய் கிழியும். ஈரக்குஞ்சை வெளியே எடுத்தாலும் குளிர்ல விறைச்சிடும். உள்ளே இழுத்துக்கிட்ட மஞ்சள்கருவே ரெண்டு நாளுக்குச் சோறு, தாய்க்கு அடியிலேயே காயட்டும்.

குஞ்சு வந்தப்புறம் எதிரி பனிப்புல். விடிஞ்சதும் திறந்து விடாதீங்க. பனி காஞ்சு, 9 மணிக்கு மேல விடுங்க. அதுக்கு முன்னாடி குருணையும் இடிச்ச கம்பும் பஞ்சாரத்துக்குள்ளேயே போடுங்க. தண்ணி தட்டையான மூடியில, கூழாங்கல் போட்டு, காலையில வெதுவெதுப்பா. ராத்திரி பஞ்சாரத்துக்கு அடியில காஞ்ச உமி, சுத்திச் சாக்கு, மேல ஒரு கை அகலம் காத்து போக வழி. முழுசா மூடினா மூச்சும் எச்சமும் சேர்ந்து வேர்க்கும், அந்த ஈரத்துலதான் மூணாவது வாரம் ரத்தக்கழிச்சல் வரும்.

குஞ்சு பொரிஞ்ச 7ஆம் நாள், வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்கத் தடுப்புச் சொட்டு மருந்து. கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு. கரைச்ச மருந்தை ஐஸ் மேல வச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க. 8 குஞ்சுக்காக ஒரு குப்பி வாங்கினா மிச்சம் வீணாகும், தெருவுல குஞ்சு வச்சிருக்கிற நாலு வீட்டையும் அன்னைக்கே கூப்பிட்டுடுங்க.