போர்மட் செய்யச் சொல்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில், எங்கள் வீட்டு மாடியறையில் இருந்து இதைப் பதிவு செய்கிறேன். மேசையில் இரண்டு வன்தட்டுகள் இருக்கின்றன. சிவப்பு நாடா ஒட்டியிருப்பது பழையது, 1 டெராபைட். மற்றையது, அதில் உள்ளவற்றைக் காப்பாற்றுவதற்காகப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி வந்த 2 டெராபைட். அந்தச் சிவப்பு நாடாவை அழகுக்காக ஒட்டவில்லை. ஏன் ஒட்டினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலை, மேசைக் கணினியில் இருந்து ஒரு திருமணக் காணொளியைப் பழைய வன்தட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, இடியோடு மழை பிடித்து மின்சாரம் நின்றுவிட்டது. யூபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பற்றரி எப்போதோ செத்துப்போயிருந்தது என்பது அந்த நிமிடத்தில்தான் தெரிய வந்தது. மின்சாரம் திரும்பியதும் வன்தட்டைச் செருகினேன். விளக்கு எரிந்தது, தட்டு சுழலும் சத்தமும் கேட்டது, ஆனால் கோப்புகளுக்குப் பதிலாக ஒரு சிறிய பெட்டிதான் திரையில் வந்தது. இந்தத் தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் போர்மட் செய்ய வேண்டும், இப்போதே செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. அந்தப் பெட்டியின் வசதி என்னவென்றால், தப்பான பொத்தானையே அது முதலில் எடுத்து நீட்டுகிறது.

நான் ரத்துச் செய்துவிட்டு, கேபிளை மாற்றிப் பார்த்தேன். இது மிகச் சாதாரணமான வேலைதான், ஆனாலும் செய்யாமல் விடாதீர்கள். இவ்வகைச் சிறிய வன்தட்டுகள் மின்சாரத்தையும் யூஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்கின்றன; யூஎஸ்பி 2 துறை 500 மில்லிஅம்பியரும், யூஎஸ்பி 3 துறை 900 மில்லிஅம்பியரும் தருவதாகத்தான் விதி. நைந்துபோன கேபிளிலோ கணினியின் முன்பக்கத் துறையிலோ அது போதாமல் போனால், நல்ல வன்தட்டும் நோயாளியைப் போல நடந்துகொள்ளும். என்னுடையது பின்பக்கத் துறையிலும் புதிய கேபிளிலும் அதே பெட்டியைத்தான் காட்டியது.

அப்படியென்றால் கோப்புகள் அழிந்துவிட்டனவா என்றால், இல்லை. எங்கள் அடுக்குமாடியின் வாசலில், எந்த மாடியில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அது கழன்று விழுந்துவிட்டால், கடிதம் கொண்டு வருபவருக்கு யாரையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மேலே ஒரு குடும்பமும் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. விண்டோஸ் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் எழுதப்பட்ட வன்தட்டில் அந்தப் பலகையின் வேலையை மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற அட்டவணை செய்கிறது. செக்டர் என்பது தட்டு பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டு; அந்த அட்டவணை எங்கே தொடங்குகிறது என்பதை, தொடக்கத்தில் உள்ள பூட் செக்டர் சொல்கிறது. அந்த ஒரு செக்டர் கெட்டாலே போதும், முழு வன்தட்டும் விண்டோஸின் கண்ணுக்கு வெறுந்தட்டாகிவிடும்.

யாராவது பதற்றத்தில் ஏற்கெனவே விரைவு போர்மட் செய்துவிட்டிருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். அது புதிய வெற்று அட்டவணை ஒன்றை எழுதிவிட்டுப் போகிறது, பெரும்பாலான கோப்புகள் அடியில் அப்படியே கிடக்கும். முழு போர்மட் வேறு விடயம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது தட்டு முழுவதும் பூச்சியத்தை எழுதுகிறது, அதன் பிறகு மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இனி, நான் ஒருமுறை செய்த தவறைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் தங்கச்சியின் வன்தட்டு இதே மாதிரிப் பழுதானபோது, பெரிய கெட்டிக்காரனைப் போல தட்டின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ கட்டளையை உடனே ஓட விட்டேன். அது அரை மணித்தியாலம் ஓடி, எல்லாவற்றையும் திருத்திவிட்டதாக அறிவித்தது. திறந்து பார்த்தால், அவளுடைய பல்கலைக்கழகக் குறிப்புகள் இருந்த கோப்புறையைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, பெயரில்லாத துண்டுகள் நிறைந்த ஒரு புதிய கோப்புறைதான் இருந்தது. செக் டிஸ்க் பொய் சொல்லவில்லை. அட்டவணையை முரண்பாடு இல்லாததாக ஆக்குவதுதான் அதன் வேலை. அதற்காக, சரியாகப் பொருந்தாத பதிவுகளைத் தயங்காமல் வெட்டிவிடும். அந்தப் பதிவுகள்தான் நமக்குத் தேவையான கோப்புகள் என்பது அதற்குத் தெரியாது. அதுவும் அந்த வெட்டுகளை மூல வன்தட்டிலேயே எழுதிவிடுகிறது. தங்கச்சி இன்றைக்கும் அதை நினைவூட்டுவாள்.

ஆகவே இந்த முறை, பழுதான வன்தட்டில் ஓர் எழுத்துக்கூட எழுதுவதில்லை, அதிலிருந்து படிப்பது மட்டுமே என்று முடிவெடுத்தேன். அதற்கு முன்னால் அதன் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் கேட்கும்படி ஒலிவாங்கியைக் கிட்டக் கொண்டு போகிறேன்... கொஞ்சம் பொறுங்கள், கரையோர ரயில் போகட்டும். சரி, இப்போது கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல், இடையிடையே ஒரு சிறிய கீறல் ஒலி. இது பரவாயில்லை. இதற்குப் பதிலாக, மணிக்கூட்டைப் போல டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் அடித்துக்கொண்டிருந்தால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருகிறது என்று பொருள். அப்படி என்றால் உடனே கழற்றிவிடுங்கள். மென்பொருளால் அதற்கு மருந்தில்லை, ஓட ஓடத் தட்டின் மேற்பரப்பே சுரண்டப்படலாம். மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். சுழலும் தட்டுக்கும் முனைக்கும் இடையே இருப்பது சில நனோமீற்றர் இடைவெளிதான்; மின்விசிறி சுற்றும் அறையில் பறக்கும் ஒரு தூசி அதற்குப் பாறாங்கல். குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் ஓர் இரவு வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் கொழும்பின் ஈரப்பதத்தை மறந்துவிடுகிறார்கள். வெளியே எடுத்த குளிர்ந்த போத்தலில் எப்படி நீர் பூக்கிறதோ, அப்படியே வன்தட்டிலும் பூக்கும்.

சத்தம் பரவாயில்லை என்றதும், வன்தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் என்ற உடல்நலக் குறிப்புகளை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். அதில் நிறைய வரிகள் வரும். நான் பார்ப்பவை 05, சி5, சி6 என்ற மூன்றை மட்டுமே. 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை, சி5 என்பது படிக்க முடியாமல் இன்னும் தீர்வுக்குக் காத்திருப்பவை, சி6 என்பது திருத்த முடியாதவை. என்னுடையதில் 05 பூச்சியமாக இருந்தது, சி5 நூறைத் தாண்டியிருந்தது. அதாவது அட்டவணை மட்டும் குழம்பவில்லை. தட்டிலேயே சில இடங்கள் நோகத் தொடங்கியிருந்தன. இத்தகைய தட்டில் மீட்பு மென்பொருளை நேரடியாக ஓட விட்டால், அது நொந்த இடத்தையே நூறு தடவை குத்திக்கொண்டிருக்கும்.

அதனால்தான் புதிய 2 டெராபைட் வாங்க வேண்டியிருந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஒரு யூஎஸ்பியில் இருந்து தொடக்கி, பழைய வன்தட்டின் ஒவ்வொரு செக்டரையும் அப்படியே ஒரே பெரிய படிமக் கோப்பாகப் புதியதில் எடுத்து வைத்தேன். இதற்கு நான் பயன்படுத்தியது குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். சாதாரணமாக நகலெடுக்கும்போது ஒரு கெட்ட செக்டர் குறுக்கிட்டால் வேலை அங்கேயே மூச்சுத் திணறி நின்றுவிடும். இதுவோ கெட்ட பகுதியைத் தாண்டிப் பாய்ந்து, முதலில் சுகமாகக் கிடைப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு, அதன் பிறகே விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கிறது. எதை எடுத்தது, எதை விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அந்தக் கோப்பின் பெயரைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் நின்றுவிட்டால், நோயாளியை மீண்டும் முதலில் இருந்து ஓட வைக்க வேண்டும்.

சிவப்பு நாடாவின் கதை இங்கேதான் வருகிறது. இந்தக் கட்டளையில் முதலில் மூலத்தையும் அடுத்ததாக இலக்கையும் எழுத வேண்டும். லினக்ஸ் இரண்டு வன்தட்டுகளுக்கும் ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் பெயர்களைத்தான் கொடுக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கண் சொக்கும் நேரத்தில் அவற்றை மாற்றி எழுதிவிட்டால், காப்பாற்ற வேண்டிய தட்டின் மீதே வெறுமையை எழுதிவிடுவீர்கள். நான் கொள்ளளவையும் தொடரிலக்கத்தையும் திரையில் பார்த்து, நாடா ஒட்டியதன் அடியில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்ட பிறகுதான் எண்டர் அழுத்தினேன்.

நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஆரோக்கியமான 1 டெராபைட்டை எடுக்க மூன்று மணித்தியாலத்துக்குக் குறைவாகவே ஆகும். என்னுடையதில் முதல் இரவே 98 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. மீதியைப் பிடுங்குவதற்கு மேலும் இரண்டு இரவுகள் போயின. அம்மா வந்து எட்டிப் பார்த்து, இன்னுமா முடியவில்லை என்று கேட்பார். திரையில் ஒரு மணித்தியாலத்தில் சில கிலோபைட்டுகள் மட்டுமே நகர்ந்திருக்கும். கடைசியில் 37 மெகாபைட் வராமலே போய்விட்டது. அது எந்தக் கோப்புகளின் 37 மெகாபைட் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

அன்றோடு பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டேன். இதன் பிறகு நடந்ததெல்லாம் படிமக் கோப்பில்தான். டெஸ்ட் டிஸ்க் என்ற மென்பொருளில் அதைத் திறந்தபோது, பூட் செக்டர் கெட்டிருக்கிறது, அதன் மாற்றுப் பிரதி நன்றாக இருக்கிறது என்று வந்தது. என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகல் ஒன்றைப் பகுதியின் கடைசிச் செக்டரில் வைத்துக்கொள்கிறது. அந்த நகலை முன்னால் எழுதச் சொன்னதும், கோப்புறைகள் பெயர்களோடு வரிசையாக வந்து நின்றன. ஏறத்தாழ எல்லாம் இருந்தன, அந்தத் திருமணக் காணொளியைத் தவிர. அதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதானே மின்சாரம் போனது. நல்லவேளையாக அதன் மூலப்பிரதி மேசைக் கணினியில் இருந்தது.

ஆனால் இரண்டு கோப்புறைகள் வெறுமையாக இருந்தன. ஒன்று பழைய குடும்பப் படங்கள், மற்றையது அப்பாவுடையது. அவர் தன் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக் கொழும்புக் கிளையில் பல வருடங்கள் செயலாளராக இருந்தவர். கூட்ட அறிக்கைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அட்டவணையில் அவற்றுக்குரிய பதிவுகள், வராமல் போன 37 மெகாபைட்டுக்குள் அகப்பட்டுவிட்டிருக்க வேண்டும். இதற்கு ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் உதவியது. அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. தட்டு முழுவதையும் தடவிக்கொண்டு போய், கோப்புகளின் தலைப்பகுதியை அடையாளம் காண்கிறது. ஒரு ஜேபெக் படம் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அதைக் கண்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு விலையாகப் பெயர்கள் போய்விடும். எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட இலக்கமும் மட்டும் உள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கொண்டு வந்து கொட்டிவிட்டது. கமராவில் எடுத்த படங்களுக்குள்ளே எடுத்த திகதி பதிந்திருப்பதால் அவற்றை வரிசைப்படுத்த முடிந்தது. ஸ்கேன் செய்த படங்களைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

அவற்றில் ஒன்று இது. கமராவுக்குக் காட்டுகிறேன். ஊர்க் கிணற்றடியில் அம்மம்மா நிற்கிறார். முகமும் தோளும் தெளிவாக இருக்கின்றன, இடுப்புக்குக் கீழே சாம்பல் நிறம் மட்டும். அந்தப் படத்தின் மீதித் துண்டு தட்டில் வேறோர் இடத்தில் இருந்திருக்கிறது, அதை எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியவில்லை. இரண்டு நாள் மனம் கேட்காமல் முயன்ற பிறகுதான், அதே படத்தை முன்னொரு காலத்தில் ரொறன்ரோவில் இருக்கும் சித்திக்கு வைபரில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. அவருடைய தொலைபேசியில் முழுப் படமும் இருந்தது; சிறிதாகச் சுருக்கப்பட்டது, ஆனால் கிணறும் வாளியும் கால்களும் இருக்கின்றன. எங்களைப் போல உறவுகள் நாலு நாடுகளில் இருக்கும் குடும்பங்களில், மீட்பு மென்பொருளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

அப்பாவின் அறிக்கைகளில் வேறொரு சிக்கல். பெயரில்லாத வேர்ட் கோப்புகளுக்குள் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் புரிந்தது, அவர் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார். பாமினியில் திரையில் தெரிவது மட்டுமே தமிழ். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த வரிசையையே தேடற்பெட்டியில் தட்டினேன். ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிட்டன.

கடைக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் முதலில் விசாரித்த ஒரு கடையில், “தம்பி, போர்மட் அடிச்சிட்டு சொஃப்ட்வெயார் போட்டு எடுப்பம்” என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். முதலில் படிமம் எடுப்பீர்களா, மூலத்தில் எதையும் எழுதுவீர்களா என்று கேளுங்கள். விடை மழுப்பலாக இருந்தால் வன்தட்டைப் பையில் இருந்து எடுக்கவே வேண்டாம். பெட்டியை உடைத்து உள்ளே இருப்பதை வேறு கணினியில் நேராகப் பூட்டலாம் என்பவர்களிடமும் கவனமாக இருங்கள். சில மாதிரிகளில் யூஎஸ்பி துறை உள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; சிலவற்றில் நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் அந்தப் பலகை தரவை மறைகுறியாக்கியே எழுதுகிறது, பலகை போனால் தரவும் போகும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். ட்ரிம் என்ற வசதி இயங்கினால், அழித்த கோப்பின் இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

அறிக்கைகளை எல்லாம் ஒரு கோப்புறையில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் வரவுசெலவைத் திறந்து பார்த்தவர், மண்டப வாடகையில் 250 ரூபா உதைக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் காலத்துப் பொருளாளருக்குத் தொலைபேசி எடுக்க எழுந்து போய்விட்டார்.