கைக்குழந்தையும் வாரம் இருபது மணி நேரமும்

அவையோருக்கு வணக்கம். அமெரிக்காவில் 1935 முதல் ஏழைத் தாய்மார்களுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகையின் இயல்பையே, 1996 ஆகஸ்டில் அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் மாற்றிவிட்டது. கூட்டரசின் பணத்தில் ஒரு குடும்பம் பொதுவாக 60 மாதங்களுக்கு மேல் உதவி பெற முடியாது. பெறும் காலத்திலும் வேலைக்கோ வேலைக்கான பயிற்சிக்கோ செல்ல வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தனியே வளர்ப்பவருக்கு வாரம் 20 மணி நேரம் போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் மாநிலம் விலக்களிக்கலாம், ஆனால் கட்டாயமில்லை. விஸ்கான்சின் மாநிலம் தொடக்கத்தில் இந்த விலக்கைக் குழந்தையின் 12 வார வயதோடு நிறுத்திக்கொண்டது.

இருபது மணி நேரம் என்பது காகிதத்தில் சிறியதுதான். மூன்று மாதக் குழந்தையோடு இருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் காலை ஆறு மணிக்குப் பணி தொடங்குகிறது. காப்பகமோ ஆறரைக்குத்தான் திறக்கிறது. பால்புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டி, மாற்றுத்துணியும் மருந்தும் பையில் அடுக்கி, இருட்டிலேயே பேருந்துக்கு வந்து நின்றாலும், அந்த அரை மணி நேரத்தை அவளால் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் காப்பகம் வாங்கிக்கொள்ளாது. மூன்று நாள் தாமதமாக வந்தவள் என்று மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். ஒத்துழைக்காதவள் என்று உதவித்தொகை அலுவலகத்துக் கோப்பு சொல்லும்.

கைக்குழந்தைக் காப்பகம் அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை ஒருவர் கவனிக்கலாம். கைக்குழந்தைகள் என்றால் பொதுவாக மூவர் அல்லது நால்வர்தான். எனவே செலவு கூடுகிறது, இடம் குறைகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தகுந்த பராமரிப்பு கிடைக்காத தனிப் பெற்றோரின் உதவியை வெட்டக் கூடாது என்று அதே சட்டம் சொல்லத்தான் செய்கிறது. கிடைக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமையோ அவள் தலையில். 1993ஆம் ஆண்டின் குடும்ப விடுப்புச் சட்டமும் கைகொடுக்காது: அது தரும் 12 வாரங்கள் ஊதியமற்றவை, அதற்கும் ஓராண்டுப் பணிக்காலம் வேண்டும்.

மினசோட்டாவும் மொன்டானாவும் வேறொன்றைச் செய்துபார்த்தன: காப்பகத்துக்குத் தரும் மானியத்தில் ஒரு பகுதியை, குழந்தையோடு வீட்டிலிருக்கும் பெற்றோருக்கே தந்தன. அயலார் பார்த்துக்கொண்டால் உழைப்பு, பெற்றவள் பார்த்துக்கொண்டால் சோம்பல் என்ற கணக்கு எனக்கு என்றுமே விளங்கியதில்லை.

ஆகவே, உதவி அலுவலர்களிடம் நான் கேட்பது சிறிய மாற்றம்தான். வேலை விண்ணப்பத்தை நீட்டுவதற்கு முன், குழந்தையை யாரிடம், எத்தனை மணிக்கு விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், காப்பகத்தில் இடம் உறுதியாகும்வரை அந்த 20 மணி நேரக் கணக்கைத் தொடங்காதீர்கள்.