நாலே பேர் பாடும்போது சுருதி எப்படி நிக்குது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. ஒரு அன்பர் கேட்டிருக்காங்க: "ஹில்லியர்ட் என்சம்பிள் பாடுறதைப் பார்த்தேன். பியானோ இல்ல, கை அசைச்சு நடத்துறவரும் இல்ல. எப்படி சுருதி விலகாம பாடுறாங்க? 800 வருஷத்துக்கு முந்தின பாட்டையும் இந்தக் காலத்துப் பாட்டையும் ஒரே குழு ஏன் பாடணும்?"

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. பொறுமையா சொல்றேன்.

ஹில்லியர்ட் என்சம்பிள்ங்கறது நாலு ஆண் பாடகர்கள் குழு, 1974ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. 2014 டிசம்பர்ல லண்டன் விக்மோர் ஹால்ல கடைசிக் கச்சேரி பாடி நிறைவு பண்ணிட்டாங்க. ஒரு கவுன்டர்டெனர், ரெண்டு டெனர் (உயர்ந்த ஆண்குரல்), ஒரு பாரிடோன் (அதைவிடத் தாழ்ந்த குரல்). தேவைப்பட்டா கூட ஆள் சேர்த்துக்கிட்டாங்க. கவுன்டர்டெனர்னா, ஆண் பாடகர் பெண்குரல் உயரத்துல பாடுறது. நம்ம பக்கம் கள்ளக்குரல்னு ஒதுக்கிடுவோம். அங்க அதையே வருஷக்கணக்கா சாதகம் பண்ணி மெருகேத்தி வெச்சிருக்காங்க. டேவிட் ஜேம்ஸ் 40 வருஷமும் அந்த இடத்துல நின்னு பாடினார்.

நடத்துறவர் வேலையை முதல் மூச்சு பார்த்துக்கும். ஒருத்தர் மூச்சை இழுக்குற வேகத்துலயே காலப்பிரமாணம் மத்தவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

சுருதிக்கு வர்றேன். தம்புராவுல மந்தர ஸட்ஜத்தை மட்டும் மீட்டிட்டுக் காதைக் கிட்ட வைங்க. கொஞ்ச நேரத்துல அதுக்குள்ளிருந்து ஒரு அந்தர காந்தாரம் கேக்கும். சுயம்பு காந்தாரம்னு சொல்லுவாங்க. இப்ப கீபோர்டுல அதே காந்தாரத்தை அழுத்திப் பாருங்க, தூக்கலா இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல உள்ள இடைவெளியை 100 பங்காப் பிரிச்சா, கீபோர்டு காந்தாரம் ஏறக்குறைய 14 பங்கு கூட. பியானோ வெச்சுப் பாடினா அதோட ஒத்துப் போயாகணும். இவங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாம இருந்துச்சு. ஒருத்தர் ஸட்ஜம், ஒருத்தர் பஞ்சமம் பிடிச்சிருக்க, காந்தாரம் பாடுறவர் லேசா இறக்கி வைப்பார். அதுவரைக்கும் அலையடிச்சிட்டிருந்த சத்தம் சட்டுனு அடங்கி, எல்லாம் ஒரே குரலாக் கலந்துடும். குரல் நடுங்கினா அந்தக் கலப்பு வராது. அதனாலதான் அவ்வளவு நேரா நிறுத்திப் பாடினாங்க.

ஆனா எல்லாப் பாட்டுக்கும் இந்தக் காந்தாரம் சரிப்படாது. பாரிஸ் நோத்ரே தாம் தேவாலயத்துக்காக 1198 வாக்குல பெரோட்டின் செஞ்ச 'விடெருன்ட் ஓம்னெஸ்' இருக்கு, நாலு குரல் பாட்டு. கீழ்க்குரல் 'வி'ங்கற ஒரே அசையை இழுத்துப் பிடிச்சிட்டே நிக்கும், மேல மூணு குரலும் துள்ளி ஓடும். அந்தக் காலத்துல பாட்டு வந்து உக்கார்ற இடம் பஞ்சமம், இல்லேன்னா மேல் ஸட்ஜம். காந்தாரம் வழியில வந்து போறதுதான். பஞ்சமத்தை அடுக்கிட்டே போய்க் கணக்குப் போட்டா அந்தக் காந்தாரம் கீபோர்டைவிட 8 பங்கு தூக்கலாவே வரும். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் இசையமைப்பாளர் மொராலெஸோட பாட்டுக்கு இறக்கின காந்தாரம், பெரோட்டினுக்குத் தூக்கின காந்தாரம். நடுவுல சுமார் 22 பங்கு. நம்ம வித்வான்கள் பிரமாண சுருதின்னு சொல்ற அளவு அது. ஒரே மேடையில ரெண்டையும் பாடுறவங்க காது எப்படிப்பட்டதா இருக்கணும், யோசிச்சுப் பாருங்க!

இப்ப ரெண்டாவது கேள்வி. எஸ்டோனியா நாட்டு இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட், 1935ல பிறந்தவர். 1970கள்ல சில வருஷம் பெரும்பாலும் எழுதாம இருந்து, பழைய தேவாலயப் பாட்டுக்குள்ள மூழ்கிக் கிடந்தார். 1976ல வெளிய வந்தப்ப கையில ஒரு புது வழி இருந்துச்சு. ஒரு குரல் படிப்படியா ஏறி இறங்கும், கூட வர்றது ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூணை விட்டு நகராது. இந்த முறையில அவர் செஞ்ச, இயேசுவோட பாடுகளைச் சொல்ற 'பாஸியோ'வை ஹில்லியர்ட் குழு பதிவு பண்ணி 1988ல வெளிவந்துச்சு. பழைய பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பிறந்த இசைக்கு, பழைய பாட்டுல ஊறின காது வேண்டியிருந்தது.

இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுட்டு 'விடெருன்ட் ஓம்னெஸ்' கேளுங்க. மேல ஓடுற குரலை விட்டுட்டு அந்த 'வி'யை மட்டும் பிடிச்சுக்குங்க. அடுத்த அசை வர்றதுக்கு முன்னாடி மத்த மூணு பேரும் எங்க வந்து நிக்கிறாங்கன்னு கமென்ட்ல எழுதுங்க.