கார்த்தேஜ் சிறையிலிருந்து ஒரு தாயின் குரல்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சபை வரலாற்றில், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மற்றவர்கள் எழுதியவை. காலம் கடந்து, பக்திப் பெருக்கில் கொஞ்சம் கூட்டியும் எழுதப்பட்டவை உண்டு. இன்று நான் பேச வந்திருக்கும் பெண்ணோ, மரண தண்டனைக்குக் காத்திருந்த நாள்களில் தன் கதையைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போனவர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம், கி.பி. 203. பெயர் விபியா பெர்பெத்துவா. நல்ல குடும்பத்தில் பிறந்து, நன்றாகப் படித்தவர். வயது ஏறக்குறைய 22. கைக்குழந்தைக்காரி.

செப்திமியுஸ் செவேருஸ் உரோமைப் பேரரசராக இருந்த காலம் அது. திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவர்களாகத் தயாரித்துக்கொண்டிருந்த சில இளைஞர்களைப் பிடித்து அடைக்கிறார்கள். பெர்பெத்துவாவோடு ரெவொக்காத்துஸ், பெலிசித்தா என்ற இரண்டு அடிமைகளும், சாத்துர்னினுஸ், செக்குந்துலுஸ் என்பவர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த சாத்துருஸ் பிறகு தானாகவே வந்து சரணடைந்தார்.

சிறைக்குள் போனதும் பெர்பெத்துவா எழுதியது என்ன தெரியுமா? அப்படி ஓர் இருட்டைத் தான் பார்த்ததே இல்லை, பயந்துபோனேன் என்கிறார். நெரிசலில் தாங்க முடியாத புழுக்கம். படைவீரர்கள் வேறு பணம் பிடுங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையை நினைத்துத் தவிப்பு. தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். பசியில் துவண்டு கிடந்த பிள்ளைக்கு அங்கேதான் பால் கொடுத்தார். பிறகு குழந்தையைத் தன்னுடனே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அன்று முதல் சிறை எனக்கு அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறார். பெற்றவளைத் தவிர வேறு யாரால் அப்படி எழுத முடியும்?

இப்போது அவருடைய தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கிறிஸ்தவர் அல்லர். திரும்பத் திரும்ப வந்து கெஞ்சுகிறார். "என் நரைத்த தலையைப் பார், அம்மா. உன் தாயை நினை. நீ இல்லாமல் உன் பிள்ளை பிழைக்குமா?" என்கிறார். மகளின் கைகளை முத்தமிட்டு, காலிலும் விழுகிறார். இந்தத் தந்தையைச் சோதனைக்காரனாகக் காட்டும் மறையுரைகளை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருமுறை அவர் வாதம் சாத்தானின் வாதம் என்று பெர்பெத்துவாவே எழுதியது உண்மைதான். ஆனால் விசாரணை நாளில் என்ன நடந்தது பாருங்கள். ஆளுநர் பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸ், பேரரசரின் நலனுக்காகப் பலி செலுத்தச் சொல்கிறான். "மாட்டேன். நான் கிறிஸ்தவள்" என்கிறார் பெர்பெத்துவா. குழந்தையோடு அங்கே வந்து நின்று மன்றாடிய தந்தைக்குப் பிரம்படி விழுகிறது. தன் மேலேயே அடி விழுந்ததுபோல் வலித்தது, அவருடைய பரிதாபமான முதுமைக்காக அழுதேன் என்று மகள் எழுதுகிறார். விசுவாசம் அவரிடமிருந்து மகளின் மனத்தைப் பறித்துவிடவில்லை. அப்பாவின் கண்ணீரை முழுவதுமாக உணர்ந்துகொண்டேதான் அவர் மறுத்தார். அந்த மறுப்பு எவ்வளவு கனமானது என்பது அந்தக் கண்ணீரைச் சேர்த்து வாசித்தால்தான் விளங்கும்.

தீர்ப்பு: கொடிய விலங்குகளுக்கு இரை. அதன் பிறகு தந்தை குழந்தையைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பிள்ளை பால் கேட்டு அழவில்லை, தனக்கும் பால் கட்டிக்கொண்டு வலிக்கவில்லை. இதைக் கடவுளின் இரக்கம் என்று பெர்பெத்துவா குறித்து வைக்கிறார். அவர் கண்ட காட்சிகளும் அந்தக் குறிப்புகளில் உண்டு: வானை எட்டும் வெண்கல ஏணி, அதன் அடியில் படுத்திருக்கும் பெரும் பாம்பு. அவற்றுக்கே தனியாக ஓர் உரை வேண்டும்.

பெலிசித்தாவை மறந்துவிடக் கூடாது. அவர் எட்டு மாத கர்ப்பிணி. கர்ப்பிணிகளுக்குத் தண்டனை நிறைவேற்றுவது சட்டப்படி கூடாது. தோழர்களை விட்டுப் பின்தங்கிவிடுவோமோ என்பதே அவருடைய கவலை. எல்லாரும் சேர்ந்து வேண்டினார்கள். சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வலியில் அலறியவரைப் பார்த்து ஒரு காவலன், "இதற்கே இப்படி என்றால், விலங்குகள் முன்னால் என்ன செய்வாய்?" என்றான். "இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்காகப் பாடுபட என்னுள் வேறொருவர் இருப்பார்" என்றார் அந்த அடிமைப் பெண். குழந்தையைச் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி வளர்த்தார்.

பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாளுக்காக அரங்கில் நடந்த விளையாட்டுகளில் தண்டனை நிறைவேறியது. செக்குந்துலுஸ் அதற்கு முன்பே சிறையில் இறந்துவிட்டார். பெண்கள்மீது ஒரு காட்டுப் பசுவை ஏவினார்கள். தூக்கி எறியப்பட்ட பெர்பெத்துவா எழுந்து உட்கார்ந்து, கிழிந்த உடையைச் சரிசெய்து, கலைந்த தலையை ஊசி தேடி முடிந்துகொண்டார். விரித்த தலை துக்கத்தின் அடையாளம் அல்லவா? பிறகு, விழுந்து கிடந்த பெலிசித்தாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். சீமாட்டியும் அடிமையும் அருகருகே நின்றார்கள். இறுதியில் வாளோடு வந்த வீரன் புதியவன். அவன் கை நடுங்கியது. பெர்பெத்துவாவே அதைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தார்.

இந்தக் கடைசிப் பகுதியை எழுதியவர் வேறொருவர். அரங்கில் நடக்கப்போவதை எழுத விரும்புகிறவர் எழுதட்டும் என்று சொல்லிவிட்டு, தன் குறிப்புகளை முந்தின நாளோடு பெர்பெத்துவா நிறுத்திக்கொண்டார். அவருடைய குறிப்புகளும் மற்றவர் எழுதியதும் சேர்ந்த நூலில் மொத்தம் 21 சிறு அத்தியாயங்கள். அவற்றில் 3 முதல் 10 வரை அவருடையவை. ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். மார்ச் 7 பெர்பெத்துவா, பெலிசித்தா இருவரின் திருநாள். அன்றைக்காவது, சிறையின் இருட்டையும் குழந்தையையும் பற்றிச் சொல்லும் அந்த மூன்றாம் அத்தியாயத்தை வீட்டில் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.