திங்கட்கிழமை இரவு எரியாத அடுப்பு
(கொடி நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, உடம்பு சரியில்லாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த உரிமையாளர் அவர்களே, நூலகர் அவர்களே, பேரூராட்சி உறுப்பினர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடி நாள். எல்லையில் நிற்பவரைப் பற்றி இன்று பலரும் பேசுவார்கள். வீட்டில் இருப்பவர் என்ன செய்தார் என்று நான் சொல்கிறேன். பணம், உழைப்பு, சோறு, இந்த மூன்றும்தான் என் தலைப்பு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். போரும் அப்படித்தான்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1962-இல் சீனா படையெடுத்தபோது தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கினார்கள். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் வந்தபோது, கடிதத்தில் 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலையும் சேர்த்து ஒட்டினோம். ஐந்து பைசாதான், ஆனால் ஊரே ஒட்டியது.

அதே 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், குஜராத்தின் புஜ் விமானத் தளத்தில் குண்டு விழுந்து ஓடுபாதை பெயர்ந்துபோனது. சரி செய்ய ஆள் போதவில்லை. பக்கத்தில் மாதாபர் என்று ஒரு கிராமம். அங்கிருந்து சுமார் 300 பெண்கள் கிளம்பி வந்தார்கள். பலர் கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள். தளத்தின் பொறுப்பில் இருந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் விஜய் கார்னிக். மேலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று பச்சைச் சேலை உடுத்திக்கொண்டார்கள். ஓடுபாதையைச் சாணம் போட்டு மெழுகி மறைத்தார்கள். சங்கு ஊதினால் ஓடிப்போய்ப் புதருக்குள் பதுங்குவது, அடங்கியதும் மறுபடி வந்து கல்லும் சாந்தும் சுமப்பது. முதல் நாள் சாப்பாடே இல்லை, தாய்மார்களே! அடுத்த நாள்தான் பக்கத்துக் கோயிலிலிருந்து பழமும் இனிப்பும் வந்தன. 72 மணி நேரத்தில் வேலை முடிந்து விமானம் ஏறியது. பிறகு பரிசாகக் கிடைத்த 50,000 ரூபாயையும் ஊருக்குப் பொதுக் கூடம் கட்டவே கொடுத்துவிட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது என்றால் இதுதான்.

முதல் நாள் பட்டினி என்றேனே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1965 ஞாபகம் வரும். ஒரு பக்கம் பாகிஸ்தானோடு போர், இன்னொரு பக்கம் மழை பொய்த்த ஆண்டு. கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு இருந்தது. வாரத்தில் ஒரு வேளை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. திங்கட்கிழமை மாலைகளில் ஓட்டல்கள் மூடின. அதே ஆண்டு ஜனவரியில்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நம் பிள்ளைகள் சுடப்பட்டார்கள். டில்லி மேல் அந்தக் கோபம் ஆறவில்லை. என் அப்பாவுக்கும் ஆறவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை இரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. “கோபம் அவரோட, சோறு சிப்பாயோட” என்றார் அம்மா.

அந்தச் சோற்றை இன்று என்ன செய்கிறோம்? போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் இலையைப் பார்த்தேன். இரண்டு இனிப்பு, சாம்பார் சாதம் பாதி, வடை முழுசாக அப்படியே கிடந்தது. இலையோடு மடித்துத் தொட்டியில் போட்டார்கள். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. போர் வந்தால்தான் சோற்றுக்கு மதிப்பா? முதலில் கொஞ்சமாகப் பரிமாறுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். இதைப் பத்திரிகையிலேயே ஒரு வரி அச்சடியுங்கள். இலைக்கு வராமல் அண்டாவில் மீந்ததை மாலை வரை வைத்திருக்காதீர்கள், கெட்டுப்போகும். அதைப் பசித்தவர்களிடம் கொண்டுசேர்க்கச் சங்கத் தலைவர் ஐயா தம் வேனைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும், ஐயா வடத்தைப் பிடித்துவிட்டார்.

வாசலில் கொடி நாள் உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. தை மாதம் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் தேதியையும் மண்டபத்தின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். மதியம் இரண்டரை மணிக்கு வேனோடு நாங்கள் வந்து நிற்போம்.