பத்து நிமிடம் நாயைத் தடவினால் பரீட்சை டென்ஷன் குறையுமா?

வணக்கம் மக்களே. தேர்வு நெருங்கினாலே எனக்கு வரும் மெசேஜ்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "படிப்பு டென்ஷன் தாங்க முடியவில்லை, ஒரு நாய்க்குட்டி வாங்கிவிடலாமா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயோடு நேரம் செலவிடுங்கள், தாராளமாக. ஆனால் டென்ஷனுக்கு மருந்தாக ஒரு நாயை வாங்காதீர்கள். பின்னால் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருக்கிற என் நாய் டிங்குவை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில், நாயைத் தடவினால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா, இல்லை சும்மா அப்படித் தோன்றுகிறதா? இதை அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நன்றாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான ஆய்வு, 249 மாணவர்கள். அவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழு பத்து நிமிடம் நாய்களையும் பூனைகளையும் தொட்டு விளையாடியது. இன்னொரு குழு வரிசையில் நின்று அதை வேடிக்கை பார்த்தது. மூன்றாவது குழுவுக்கு அதே பிராணிகளின் படங்களை மட்டும் காட்டினார்கள். நான்காவது குழுதான் பாவம்: "உங்கள் முறை வரும்" என்று சொல்லி, கையில் போனோ புத்தகமோ இல்லாமல் உட்காரவைத்துவிட்டார்கள்.

பிறகு எல்லோருடைய உமிழ்நீரையும் எடுத்து, அதில் கார்டிசோல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். நாம் பதற்றப்படும்போது உடம்பில் ஏறுகிற ஹார்மோன் அது. பதற்றமே இல்லாவிட்டாலும், காலையில் கண் விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், இரவு வரை இறங்கிக்கொண்டே வரும். அதனால்தான் காலையில் எழுந்தவுடனேயே முதல் உமிழ்நீரை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். முடிவில் கார்டிசோல் குறைவாக இருந்தது, கை வைத்துத் தொட்டவர்களுக்கு. வேடிக்கை பார்த்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் அந்த அளவு குறையவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நாய்க்குட்டி ரீல்ஸ் பார்த்துவிட்டு "ரிலாக்ஸ் செய்கிறேன்" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நானும் அந்த ரீல்ஸ் போடுகிற ஆள்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

சரி, இது எவ்வளவு நேரம் தாங்கும்? கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 246 மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள், 2018-ல் வெளியானது. நாய்களோடு இருந்துவிட்டு வெளியே வந்தவுடன் எல்லாமே நன்றாக இருந்தது. மன அழுத்தம் குறைந்திருந்தது, உற்சாகம் கூடியிருந்தது. ஏறக்குறைய பத்து மணி நேரம் கழித்து மறுபடி கேட்டபோது அந்த மகிழ்ச்சி நிற்கவில்லை. ஆனால் அழுத்தம் குறைந்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. ஒரு மாதிரித் தேர்வு எழுத உட்காருவதற்கு முன்னால் தலை லேசாக இருந்தால் அதுவே பெரிய விஷயம். ஆனால் முடிக்காத பாடமும் கட்டாத கட்டணமும் நாயைத் தடவுவதால் எங்கேயும் போய்விடாது. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிற நிலையில் இருந்தால், தயவுசெய்து மனநல ஆலோசகரிடம் போங்கள். அது நாயால் ஆகிற வேலை இல்லை.

பத்து நிமிடம் போதும் என்றால், பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கப்போகிற ஒரு ஜீவனை எதற்கு வாங்க வேண்டும்? படிப்பு நான்கு வருஷத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு வேலை, வேறு ஊர், நாய் அனுமதி இல்லாத வாடகை அறை. யேல் பல்கலைக்கழகத்துச் சட்ட நூலகத்தில் 2011-ல் அழகான ஒரு வேலை செய்தார்கள். நூலகர் ஒருவரின் நாய் மாண்ட்டியை, புத்தகம் எடுப்பது மாதிரி அரை மணி நேரத்துக்கு மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த அரை மணி நேரக் கணக்குதான். மாணவருக்கும் போதும், மாண்ட்டிக்கும் போதும்.

ஏனென்றால் நம் டென்ஷனில் நாய்க்கும் ஒரு பங்கு போகிறது. பெல்ஃபாஸ்டில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022-ல் வந்த ஆய்வு ஒன்று. ஆட்களுக்குக் கஷ்டமான மனக்கணக்கு கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வை, மூச்சு மாதிரிகளை எடுத்து, பழக்கப்படுத்திய நான்கு நாய்களை முகரவிட்டார்கள். 720 முறையில் 675 முறை, பதற்றமான மாதிரி எது என்று நாய்கள் சரியாகக் காட்டிவிட்டன. ஆக, நீங்கள் சிரித்துக்கொண்டே போய் நின்றாலும் உங்கள் டென்ஷன் அதன் மூக்குக்குத் தெரியும்.

2024-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கிண்ணம் ஓர் இடத்தில் இருந்தால் தீனி உண்டு, வேறோர் இடத்தில் இருந்தால் இல்லை என்று நாய்களுக்குப் பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் வெவ்வேறு இடங்களில் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். டென்ஷனான, முன்பின் தெரியாத ஒருவரின் வாடையை முகர்ந்த பிறகு, காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்திடம் போக நாய்கள் தயங்கின. "அங்கே ஒன்றும் இருக்காது" என்கிற மனநிலை. நம் வாடை அவற்றின் நம்பிக்கையைக் குறைத்துவிடுகிறது.

அதனால் நாயிடம் போகும்போது அதன் முகத்தைப் பாருங்கள். சாப்பாடே இல்லாமல் வாயை நக்கிக்கொண்டே இருக்கிறதா, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுகிறதா, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா, அப்படியென்றால் "போதும், விடு" என்று அர்த்தம். டிங்குவிடம் கொட்டாவிதான் முதலில் வரும். பார்க்கிறவர்கள் "ஐயோ, தூக்கம் வருது பாரு" என்று இன்னும் கொஞ்சுவார்கள். மேலிருந்து தலையில் கை வைக்காதீர்கள், பல நாய்களுக்குப் பிடிக்காது. பக்கவாட்டில் உட்கார்ந்து, அது வந்து முகரட்டும் என்று விடுங்கள். வந்தால் நெஞ்சுப் பக்கம் மெதுவாகச் சொறிந்துவிட்டு, சட்டென்று கையை எடுத்துப் பாருங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே வந்து இடிக்கும்.

தெருநாயைத் தேடிப் போய்த் தடவச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பூசி போட்ட, ஆட்களோடு பழகிய நாயாக, பக்கத்தில் அதை வளர்ப்பவரும் இருக்க வேண்டும். மீறி ஏதாவது நாய் கடித்தாலோ பல்லோ நகமோ கீறினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

அப்புறம், உங்கள் கல்லூரியிலேயே இப்படி நாய்களைக் கூட்டிவந்தால், ஏற்பாடு செய்கிறவர்களிடம் தடுப்பூசி பற்றியும், நாய் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறது, நடுவில் ஓய்வு உண்டா என்பது பற்றியும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நான் போக மாட்டேன்.

வாஷிங்டன் ஆய்வில் பூனைகளும் இருந்தன என்று சொன்னேன் இல்லையா, அதை விட்டுவிட்டு நாயைப் பற்றியே பேசியதற்குப் பூனைக்காரர்கள் இந்நேரம் கமென்ட் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். அடுத்த வீடியோ உங்களுக்குத்தான்.