குழந்தையின் இதய வால்வை விரித்த பலூன் உள்ளேயே இருக்குமா?

தம்முடைய எட்டு மாதக் குழந்தைக்கு நுரையீரல் தமனி வால்வு சுருங்கியிருப்பதாகவும், நெஞ்சைத் திறக்காமல் பலூன் மூலம் சரிசெய்யலாம் என்று மருத்துவர் கூறியதாகவும் சொல்லி, அந்தப் பலூன் உள்ளேயே இருக்குமா, வால்வு மறுபடியும் சுருங்குமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

பலூன் உள்ளே இருக்காது, அம்மா. இந்த வால்வின் இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதால் இரத்தம் செல்லும் வழி குறுகிவிடுகிறது. அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரச அளவை எட்டினாலோ, இதயத்தின் வலது கீழறை தளர்ந்தாலோ சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். குழந்தையை மயக்க நிலையில் வைத்து, தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வால்வின் நடுவே பலூனை நிறுத்திச் சில நொடிகள் மட்டும் விரிப்போம். எக்ஸ்ரே திரையில் முதலில் பலூனின் நடுப்பகுதி இடுப்புபோல் ஒடுங்கித் தெரியும்; ஒட்டிய ஓரங்கள் பிரிந்ததும் அந்த ஒடுக்கம் மறைந்துவிடும். உடனே பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிடுவோம். 1982-இல் அமெரிக்கக் குழந்தை இதய மருத்துவர் ஜீன் கான் குழுவினர் வெளியிட்ட இந்த முறை இன்று இந்த வால்வுக்கு முதல் தேர்வாக இருப்பதால், உங்கள் குழந்தையிடம் ஏதோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அஞ்ச வேண்டாம்.

மறுபடியும் சுருங்குமா என்பது பெரும்பாலும் வால்வின் அமைப்பைப் பொறுத்தது. இதழ்கள் மெல்லியவையாக, ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே முறை போதும். நூனன் நோய்க்குறி என்ற பிறவி மரபணுக் கோளாறு உள்ள சில குழந்தைகளைப் போல இதழ்களே தடித்து, வால்வு வளையமும் சிறுத்திருந்தால் பலன் குறையலாம். அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். ஆகவே எக்கோ பரிசோதனையில் இதழ்கள் எப்படி இருக்கின்றன என்பதை உங்கள் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் செல்லும் வழியிலுள்ள பெருந்தமனி வால்வின் சுருக்கத்துக்கும் பலூன் முறை உண்டு. ஆனால் அங்கே விரித்த வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிந்தால் இதயம் அதைத் தாங்குவது கடினம் என்பதால், வளையத்தைவிடப் பெரிய பலூனைப் பயன்படுத்துவதில்லை. அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் மறு சிகிச்சை தேவைப்படுகிறது. இரண்டு வால்வுகளையும் ஒன்றாக எண்ணி, உறவினர் வீட்டுக் குழந்தையின் அனுபவத்தோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

நுரையீரல் வால்விலும் சிகிச்சைக்குப் பின் சிறிது கசிவு இருப்பது வழக்கம். பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமலே அது வலது கீழறையை மெல்ல விரிவடையச் செய்யக்கூடும். குழந்தை நன்றாக ஓடியாடுகிறதே என்று எண்ணி, மருத்துவர் குறித்துக் கொடுக்கும் எக்கோ பரிசோதனைகளை நிறுத்திவிட வேண்டாம்.